மூச்சும் ஆவியும்

ஆவுடையார்கோவிலில் ஆன்மநாதர்க்கு நிவேதனமாவது சோறன்று, சோற்றின் ஆவியே. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லிற் குவிப்பர். மேலெழும் ஆவி இறைவர்க்கு என்பர். நாம் வேற்றுச் சமயத்தேமாயினும் பிறந்த ஊர் அதுவாதலின், அவ்வழக்கைக் கேட்டே வளர்ந்தோம். சோற்றிலுள்ள நீரும் அவ்வாவியும் ஒன்றே என எண்ணியிருந்தோம். சிறிது வேறுபாடு உண்டென அண்மையிற் கற்றோம்.

பிராணவாயுவின் அணுக்களெல்லாம் ஒரே எடையின அல்ல. பெரும்பாலன எடை 16 உடையன. ஏறக்குறைய ஐந்நூற்றில் ஒன்று 18 உடையது. இக்கனத்த அணுவை 1929-இல் ஜியோக், ஜான்ஸ்டன் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டனர். எடையால் மட்டும் வேறுபடும் இவற்றை ஐசோடோப்புகள் என்பர். நீர் ஆவியாங்கால் இலேசானது முந்தும். கனத்தது சற்றே பின்தங்கும். நம் மூச்சோடு செல்லும் ஈரமும் அவ்வாறே உடல்நீரினும் இலேசானது. உள்ளிழுத்த பிராணவாயுவிலும் உடல் இலேசானதையே சற்று மிகுதியாய்க் கொள்ளுதலால், வெளிவிடும் காற்றில் எஞ்சுவது சிறிது கனத்திருக்கும்.

இனி நம் குறையைச் சொல்வோம். உள்ளிழுத்த பிராணவாயுவே கரியமிலவாயுவாகி வெளிவருகின்றதென்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது பிழை. உடலினுள் அப்பிராணவாயு நீராகின்றது. கரியமிலவாயுவோ, வெளிவருமுன் தன் பிராணவாயு அணுக்களை உடல்நீரோடு மாற்றிக்கொள்கின்றது. மினசோட்டாவில் லிப்சன் முதலியோர் கனத்த பிராணவாயுவைக் கொண்டு ஆராய்ந்து இதனை 1949-இல் வெளியிட்டனர். சிறுவர்க்கு இது விளங்காதென்பது சோம்பலுக்குப் போர்த்த போர்வை. எளிதாயிருத்தல் பற்றிப் பிழையைப் பாடமாக்கலாமோ?

இதனால் இழப்பு யாதெனின், பின்வரும் முறை அப்பாடம் கற்றார்க்கு விளங்காது. கனத்த ஹைட்ரஜனும் கனத்த பிராணவாயுவும் அமைந்த நீரை ஒருவர் பருகினால், முன்னது நீராகவே வெளியேறும்; பின்னது நீராகவும் கரியமிலவாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் விரைவின் வேறுபாட்டால் அவர் விட்ட கரியமிலவாயுவின் அளவும், அதனால் உடல் செலவிட்ட ஆற்றலும் புலனாம். மக்களிடத்து இவ்வாறு அளந்த செய்தி 1982-இல் வெளியாயிற்று. அறையில் அடைத்தலும் முகமூடி இடுதலும் வேண்டா. இரு வாரம் அளவும் சிறுநீர் கொடுத்து உதவினாற் போதும். மூச்சில் இலேசான நீர் முந்திப்போதற்குக் கணக்கிலே திருத்தம் செய்தல் மட்டும் வேண்டும். சோற்றாவியின் இயல்பே ஈண்டும் வந்து நிற்கின்றது.

சேற்றில் நின்று நாற்று நடும் நம்மூர்ப் பெண்டிர்க்கு எத்துணை உணவு வேண்டுமென்பதை, அவர் வேலையை நிறுத்தாமலே இங்ஙனம் அறியலாம். வரப்பில் நின்றுகொண்டு, “பெண்பிள்ளைக்கு இவ்வளவு சோறா?” என்று கேட்டாரை நாம் கண்டதுண்டு. அவர்க்கு எண்ணால் விடை கூற வழி உண்டு. அந்நீரின் விலைதான் மிகுதி.