சிமெண்டில் சாம்பல் கலப்படமா?

"இப்போது வரும் சிமெண்டில் பாதி சாம்பல்தான்!" புனேயின் கட்டட வேலைத்தலங்களில் நம்மவர்கள் சொல்லும் புகார் இது. பாதி என்பது மிகை. ஆனால் சாம்பல் இருப்பது உண்மை. அதில் ஒளிவுமறைவும் இல்லை. மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அனல் மின் நிலையச் சாம்பல் சேர்ந்தது என்று பொருள். 100 பங்கில் 15 முதல் 35 பங்கு வரை சேர்க்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்பதை மூட்டையிலேயே அச்சிட வேண்டும்.

இது புதிய தந்திரமும் அல்ல. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்புடன் சுர்க்கி என்னும் செங்கற்பொடியைக் கலந்தார்கள். மகாராஷ்டிரத்தின் காட்கர் அணைகளுக்கான கான்கிரீட்டிலோ சிமெண்டைவிடச் சாம்பலே அதிகம்.

சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகிறது. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்புடன் சேர்ந்து தானும் இறுகுகிறது. நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீர் ஊறுவது குறைகிறது. சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரி வரை சுடும் செலவும் புகையும் அந்த அளவுக்கு மிச்சம். ஆகவே ஆலைக்கு லாபம்; நாட்டுக்கும் நன்மை. குவிந்து கிடக்கும் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999-ல் மத்திய அரசு ஆணையிட்டது. 2021-ல் அதைக் கடுமையாக்கியது.

அப்படியானால் கோளாறு எங்கே? அவசரத்தில். சாம்பல் மெதுவாக வேலை செய்யும். முதல் சில வாரங்களில் வலு சற்றுக் குறைவு; போகப்போகத்தான் ஈடுகட்டும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் விட வேண்டுமென்றால், இதற்குக் குறைந்தது 10 நாள். வெயிலும் வறட்சியுமான காலத்தில் 14 நாள் விடுவது நல்லது என்கிறது விதி. புனேயின் ஏப்ரல், மே வெயிலை நாம் அறிவோம். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்கும் அந்த நாட்களில்தான் சீக்கிரம் குழாயை மூடும் ஆசை காண்ட்ராக்டருக்கு வருகிறது.

முட்டுக் கதையும் இதேதான். சுமார் 15 அடி வரையுள்ள தளத்துக்கு, சாதாரண சிமெண்டிலேயே 7 நாளுக்கு முன் முட்டுகளை எடுக்கக் கூடாது. சாம்பல் சிமெண்டுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் பிரித்தால் அடியில் நிற்பவர் முதலாளி அல்ல. சென்ட்ரிங் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்.

பொறியாளரின் அளவும் சோதனையும் இல்லாமல், பி.பி.சி. சிமெண்டிலேயே மேலும் சாம்பலைச் சட்டியில் அள்ளிக் கொட்டுவது வேறு விஷயம். அது சந்தேகமில்லாமல் கலப்படமே.

கடன் வாங்கி வீடு கட்டும் குமாஸ்தாவும், தளத்தின் கீழ் நிற்கும் தொழிலாளியும் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தச் சிமெண்ட்? எத்தனை நாள் தண்ணீர்? தளம் போட்ட தேதியையும், முட்டு எடுக்கும் தேதியையும் தூணில் பெரிதாக எழுதி வைக்கும் வழக்கம் எல்லா வேலைத்தலங்களுக்கும் வர வேண்டும். அதற்கு ஒரு துண்டு சாக்குக்கட்டி போதும்.