கொட்டேஷன் உங்க கையில!

கேம்பஸ்ல செலக்ட் ஆகி, ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்து மூணாவது மாசம். எம்.டி. கூப்பிடுறார். "தம்பி, இங்க இருக்கிறதுலயே உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். ஆபீசுக்கு இருபது லேப்டாப் வாங்கணும். நாலு இடத்துல கொட்டேஷன் வாங்கி வை!" நீங்க படிச்சது சிவில் இன்ஜினீயரிங்கா இருக்கலாம். பரவாயில்லை, வயசு கம்மிங்கிற ஒரே தகுதி போதும். இந்த வேலை உங்க தலையிலதான் விழும். (தங்கச்சிகளுக்கும் இதே கதைதான்.)

அடடா, ஒரு வேலை கூடிப்போச்சேன்னு அலுத்துக்காதீங்க. காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப் போய் மரக்கன்று நட்டவங்கதானே நீங்க? அந்தக் கன்றுகள்ல எத்தனை இன்னைக்கு உயிரோட இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பூமிக்கு நிஜமாவே ஏதாவது செய்ய உங்களுக்குக் கிடைச்ச முதல் பெரிய சான்ஸ் இந்தக் கொட்டேஷன்தான்.

நான் சொதப்பின கதையை முதல்ல சொல்லிடுறேன். 2017. அப்ப வேலை பார்த்த ஆபீஸ்ல இதே வேலை என்கிட்ட வந்துச்சு. பதினஞ்சு லேப்டாப். யார் ரேட் கம்மியா சொன்னாங்களோ அவங்களுக்கே ஆர்டர். 4 ஜிபி ரேம், அதுவும் போர்டோட சாலிடர் பண்ணினது. ஸ்டோரேஜ் வெறும் 32 ஜிபி, அதையும் கழற்ற முடியாது. பெட்டியைத் திறந்தப்ப பளபளன்னு இருந்துச்சு. எல்லாரும் முதுகுல தட்டினாங்க. அப்புறம்தான் வந்துச்சு வினை. விண்டோஸ் 10 பெரிய அப்டேட் அனுப்பும்போதெல்லாம் அதை இறக்கக்கூட மெஷின்ல இடம் இல்லை. ஃபைலை அழி, படத்தை அழி, திரும்ப ட்ரை பண்ணு... மூணே வருஷத்துல அத்தனையும் மாடிப்படிக்குக் கீழ போயிடுச்சு. கீபோர்டு நல்லா இருக்கு, ஸ்கிரீன் நல்லா இருக்கு. ஆனா ரேமையும் டிஸ்க்கையும் மாத்த வழியில்லை. கடைசியில காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு அள்ளிட்டுப் போனார். அதுல ரெண்டு பேட்டரி உப்பியிருந்துச்சு. அதை அவர் எங்க கொண்டுபோய்ப் பிரிச்சாரோ, யார் கையால பிரிச்சாரோ!

டெல்லி சீலம்பூர் பத்திப் படிச்சிருப்பீங்க. கழிச்சுப்போட்ட கம்ப்யூட்டரையெல்லாம் வெறும் கையால உடைச்சுப் பிரிக்கிற இடம். 2022-ல உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணினதா கணக்குல இருக்கிறது 22.3 சதவீதம்தான்னு ஐ.நா. அமைப்புகளோட 2024 அறிக்கை சொல்லுது. மீதியில என்னோட பதினஞ்சு மாதிரி எத்தனையோ!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஆபீஸ் லேப்டாப்போட ஆயுள்ல வெளியாகிற கார்பன்ல பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வந்துடுதுன்னு தயாரிப்பாளர்களே வெளியிடுற அறிக்கைகள் சொல்லுது. மாடலுக்கு மாடல் மாறும். நாம சுமாரா 250 கிலோன்னு வெச்சுக்குவோம். இப்ப கரண்ட். சராசரியா 20 வாட் இழுத்து, தினம் 8 மணி நேரம், வருஷம் 300 நாள் ஓடினா 48 யூனிட். நம்ம நாட்டுல ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. ஆக, வருஷத்துக்கு 34 கிலோ கூட வரலை. அதாவது உங்க மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த லேப்டாப் ஏழு வருஷத்துக் கரண்ட்டை முழுங்கிட்டு வந்திருக்கு! அதை மூணு வருஷத்துல தூக்கிப் போட்டா?

அதுக்காக, இருக்கிற எதையுமே மாத்தக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. மானிட்டரோட சேர்த்து 100 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப் இதே கணக்குல வருஷத்துக்கு 168 கிலோ. அதை லேப்டாப்பா மாத்தினா ரெண்டு வருஷத்துக்குள்ள தயாரிப்புக் கடன் அடைஞ்சிடும். எது எவ்வளவு இழுக்குதுன்னு யூகம் பண்ண வேண்டாம். பிளக்குல சொருகிப் பார்க்கிற வாட் மீட்டர் கடையில கிடைக்குது. ஒண்ணு வாங்கி ஒவ்வொரு மேஜையா போங்க. ஆபீஸே உங்களை ஒரு மாதிரி பார்க்கும். பார்க்கட்டும்!

அந்த ரவுண்டுலயே இன்னொண்ணும் செக் பண்ணுங்க. இருபது பேருக்கும் புதுசு நிஜமாவே வேணுமா? 'ஸ்லோவா இருக்கு சார்'ங்கிற மெஷின்ல பாதிக்கு மேல பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்கினா பறக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவச ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா 8-வது தலைமுறையும் அதுக்கு மேலயும்தான் ஏத்துக்கும். அதுக்கும் பழைய மெஷின் நல்லா ஓடினாலும் 'காலாவதி'. அந்த மாதிரி மெஷின்ல லினக்ஸ் போட்டு பிரவுசர், மெயில் மட்டும் பார்க்கிறவங்களுக்குக் கொடுத்துடலாம். அக்கவுண்ட்ஸ் அண்ணன்கிட்ட மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அவருக்கு டேலி ஓடணும், டேலிக்கு விண்டோஸ் வேணும். கம்பெனிகளுக்குக் காசு கட்டி மூணு வருஷம் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கிற வசதி இருக்கு. அந்த ரேட்டையும் விசாரிச்சு எழுதி வெச்சுக்குங்க.

இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தா இருபது, பன்னிரண்டாக் குறையலாம். இப்ப மெயில் எழுதலாம். வழக்கமா ஐ5, 16 ஜிபி, 512 ஜிபின்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. நீங்க அதோட நிறுத்தாதீங்க. ரேம் ஸ்லாட்டுல இருக்கணும், சாலிடர் பண்ணியிருக்கக் கூடாது. எஸ்.எஸ்.டி. கழற்றி மாத்துறதா இருக்கணும். பேட்டரி ஸ்க்ரூ போட்டதா இருக்கணும், பசை போட்டு ஒட்டினது ஆகாது. ஐந்து வருஷத்துக்கு உதிரி பாகம் கிடைக்குமான்னு எழுத்துல கேளுங்க. டெல், எச்பி, லெனோவோ எல்லாம் பிசினஸ் மாடல்களுக்கு, எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழற்றணுங்கிற சர்வீஸ் மேனுவலையே தங்களோட தளத்துல போட்டிருக்காங்க. அந்த மேனுவலை அஞ்சு நிமிஷம் புரட்டினா, வெண்டர் சொல்றது நிஜமான்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம். எபீட், டிசிஓ சர்ட்டிஃபைடுன்னு ரெண்டு முத்திரை இருக்கு. அதுல ஏதாவது இருக்கான்னும் கேளுங்க. ஆனா ஸ்டிக்கரைப் பார்த்து மட்டும் மயங்கிடாதீங்க, ஸ்க்ரூவையும் பாருங்க.

ரீஃபர்பிஷ்டு வாங்கினா இன்னும் நல்லது. பெரிய கம்பெனிகள் மூணு, நாலு வருஷத்துல கழிச்சு விடுற பிசினஸ் லேப்டாப்கள் ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் வருது. ஐ5-க்கு அப்புறம் வர்ற நம்பர் 8250, 10210-ன்னு எட்டுக்குக் குறையாமத் தொடங்குதா பாருங்க. பயாஸ் பாஸ்வேர்டு ஏதும் பூட்டியிருக்கான்னு ஆன் பண்ணிப் பாருங்க. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற கட்டளை விண்டோஸ்லயே இருக்கு, கடையில வெச்சே எடுத்துப் பாருங்க. ஜி.எஸ்.டி. பில், ஒரு வருஷ வாரண்ட்டி ரெண்டும் தராத கடைக்கு ஒரு கும்பிடு.

எம்.டி.கிட்ட கார்பன் கணக்கெல்லாம் எடுபடாது. அவர் பாஷையில சொல்லுங்க. "சார், 30,000 ரூபா மெஷின் மூணு வருஷம் வந்தா, வருஷத்துக்கு 10,000. 50,000 ரூபா மெஷினை நடுவுல 6,000 செலவு பண்ணி பேட்டரியும் ரேமும் மாத்தி ஏழு வருஷம் ஓட்டினா, வருஷத்துக்கு 8,000." அவர் கால்குலேட்டரை எடுத்தாருன்னா பாதி ஜெயிச்சாச்சு.

பழசை என்ன பண்றது? டேட்டா வெளியே போயிடுமோன்னு பயந்து டிஸ்க்கைச் சுத்தியலால உடைக்கிற ஆபீஸ்கள் உண்டு. வேண்டாம் பாஸ்! முழுசா அழிக்கிறதுக்கு மென்பொருள் இருக்கு. அழிச்சுட்டு, ஓடுற மெஷினை ஓடுற மெஷினாவே கொடுங்க. ஓடாததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ணின மறுசுழற்சிக்காரர்கிட்ட மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்க. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், 1,000 சாதனங்களுக்குக் குறையாம வெச்சிருக்கிற நிறுவனங்களை மொத்த நுகர்வோர்னு சொல்லி இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கு. உங்க ஆபீஸ்ல அவ்வளவு இருக்காது. இருந்தாலும் ரசீதை ஃபைல்ல போட்டு வைங்க.

மெயில் போன மறுநாள் வெண்டர் கண்டிப்பா போன் பண்ணுவார். "என்ன தம்பி, ரேம் சாலிடர் பண்ணியிருக்கா இல்லையான்னு எல்லாம் இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே? ரேட் மட்டும் சொல்லவா?"

"பரவாயில்லண்ணே, விசாரிச்சுட்டு நிதானமா சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்."