உலக அமைதிக்கு துஆ மட்டும் போதுமா?

 

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவில் இமாம் துஆ கேட்கிறார். ஃபலஸ்தீன மக்களுக்காக, போரில் சிக்கித் தவிக்கும் ஏனைய நாட்டு மக்களுக்காக, உலகம் முழுவதும் அமைதி நிலவுவதற்காக அவர் இறைஞ்சும்போது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் நாம் கண்கலங்கி ஆமீன் கூறுகிறோம். தொழுகை முடிகிறது. செருப்பை அணிவதற்குள் கைபேசியில் ஒரு காணொளி வந்து சேர்கிறது. அதைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, உம்மத்துக்கு ஆற்றவேண்டிய கடமையை ஆற்றிவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறோம். எதிர்வீட்டில் குடியிருப்பவரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

துஆவின் சிறப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனைச் சார்ந்திருக்கும்படி கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உலக அமைதிக்காகக் கையேந்துகிறோமே, அதற்காக எந்த ஒட்டகத்தைக் கட்டினோம்? இக்கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. தன் மஹல்லாவில் பிற சமூகத்தாரோடு தோள் சேர்ந்து தொண்டாற்ற முன்வராத ஒரு சமுதாயம், உலக அமைதிக்காக எழுப்பும் குரலுக்கு எடை இருக்காது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூரிலிருந்து வரும் இஃப்தார்

திருவல்லிக்கேணியில் உள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசலை அறியாதவர் சென்னையில் இல்லை. ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய பள்ளி அது. நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் கிராத் என்னும் இந்து அறிஞர் இயற்றிய பாரசீக வாசகம் அப்பள்ளியில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய பள்ளிக்கு ரமளான் மாதம் முழுவதும் மாலை வேளையில் இஃப்தார் உணவு வந்து சேர்கிறது. அனுப்புவோர் மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இயங்கும் சூஃபிதார் அமைப்பினர். அதன் தொண்டர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள். காலையில் சமையலைத் தொடங்கி, மாலையில் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி வந்து, தலையில் தொப்பி அணிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோன்பாளிகளுக்குத் தம் கையாலேயே பரிமாறுகிறார்கள். இப்பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

இவ்வமைப்பை நிறுவிய தாதா ரத்தன்சந்த் சிந்து மாகாணத்திலிருந்து வந்தவர். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது பிறந்த மண்ணை இழந்து இந்தியாவுக்கு வந்த சிந்தி இந்துக்களில் அவரும் ஒருவர். சிந்து புதிய எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் போய்விட்டது. மதத்தின் பெயரால் வரையப்பட்ட எல்லைக்கோட்டால் வீடிழந்த ஒருவர், அந்த இழப்புக்கு முஸ்லிம்களைக் காரணம் காட்டித் தம் மக்களின் நெஞ்சில் நஞ்சை ஊட்டியிருக்கலாம். அப்படிச் செய்தோர் அக்காலத்தில் இருபுறமும் இருந்தனர். அவரோ ஒரு சூஃபி ஞானியின் வழியைப் பின்பற்றி நோன்பாளியின் தட்டில் உணவை வைத்தார்.

இந்தியாவும் பாகிஸ்தானும் எத்தனை முறை போரிட்டன, எத்தனை முறை பேச்சுவார்த்தை முறிந்தது என்பதையெல்லாம் நாளேடுகள் எழுதும். அந்தப் பகைக்கு நடுவே, அப்பகையின் காயத்தைத் தாங்கியவர்களே சென்னையில் ஒரு மாதம் முழுவதும் பரிமாறும் தட்டுகளை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? நாடுகளுக்கிடையே அமைதி என்பது அயலுறவு அமைச்சர்களின் கையொப்பத்தால் மட்டும் நிலைப்பதில்லை. பகையை ஏற்க மறுக்கும் மக்கள் இருபுறமும் இருந்தால்தான் அந்தக் கையொப்பத்துக்கு உயிர் உண்டு. அத்தகைய மக்களை உருவாக்குவோர் இந்தத் தொண்டர்களே.

இங்கே நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளாக உண்டோம், நன்றியும் சொன்னோம், புகைப்படத்தையும் பெருமையோடு பகிர்ந்தோம். நம் முறை என்றைக்கு வரும்? அவர்களுடைய வண்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கிவைக்கவேனும் நம் இளைஞர்களில் எத்தனை பேரை அனுப்பினோம்? நம் பள்ளியின் செலவில் பிற சமூகத்து ஏழைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரு வேளை உணவு தரும் திட்டம் எத்தனை மஹல்லாக்களில் இருக்கிறது? பெறுவதை இன்முகத்தோடு பெற்றுக்கொள்கிறோம். கொடுப்பதற்கு மட்டும் நம்மவரைத் தேடுகிறோம்.

நபிவழி என்ன சொல்கிறது?

யமாமாவின் தலைவர் ஸுமாமா பின் உஸால் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். கைதியாக மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பள்ளிவாசல் தூணில் கட்டப்பட்டு, மூன்றாம் நாள் நபி (ஸல்) அவர்களால் விடுவிக்கப்பட்டு, தாமாகவே இஸ்லாத்தை ஏற்றவர் அவர். அதன்பின் உம்ராவுக்குச் சென்றபோது மக்காவாசிகள் ஏளனம் செய்யவே, நபியின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட இனி உங்களுக்கு வராது என்று அறிவித்தார். கதையின் இப்பகுதியைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் மகிழ்ச்சி தெரியும். அதற்குப் பின் நடந்ததை நாம் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

தானியம் நின்றது. மக்கா பசியால் வாடியது. குறைஷிகள் உறவைச் சொல்லி நபி (ஸல்) அவர்களுக்கே கடிதம் எழுதினார்கள். யார் அந்தக் குறைஷிகள்? ஷிஅபு அபீதாலிப் கணவாயில் நபியின் குடும்பத்தாரை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைத்து, இலைதழைகளைத் தின்னும் நிலைக்குத் தள்ளியவர்கள். பத்ரிலும் உஹதிலும் வாளேந்தி வந்தவர்கள். அவர்களுக்குத் தானியத்தை அனுப்பும்படியே நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. எதிரியின் வீட்டுக் குழந்தை பசித்திருப்பதை வெற்றியாகக் கருதாத மார்க்கம் இது.

2025 ஆகஸ்டில் காஸாவில் பஞ்சம் நிலவுவதை ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வல்லுநர் அமைப்பு உறுதி செய்தது. உணவை ஆயுதமாக்குவது கொடுமை என்று நாம் முழங்கினோம். முழங்கியது சரியே. ஆனால், அந்த முழக்கத்தின் வேர் ஸுமாமாவின் வரலாற்றில் இருக்கிறது. பசித்தவர் நம்மவரா, அயலாரா, எதிரியா என்று பாராமல் உணவளிப்பவரே அந்த முழக்கத்தை முழு உரிமையோடு எழுப்ப முடியும்.

ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையையும் நினைவுகூர்வோம். யமன் நாட்டிலிருந்து மக்காவுக்கு வந்த ஒரு வணிகரின் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தார் மக்காவின் செல்வாக்குமிக்க ஒருவர். அந்த வெளியூர் வணிகருக்காக அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவருக்குத் துணைநிற்போம் என்று உறுதி பூண்டனர். நபித்துவத்துக்கு முன் அதில் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் கூறியிருக்கிறார்கள். அங்கே கூடியிருந்தோர் முஸ்லிம்கள் அல்லர். நன்மையில் ஒத்துழைக்க அது தடையாகவும் இல்லை.

கொழும்புக்குச் சென்ற கப்பல்

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கியபோது, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்பத் தமிழகச் சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. பொதுமக்களும் இயன்றதை வழங்குமாறு அரசு வேண்டியது. மே 18 அன்று முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது டன் கணக்கு மட்டுமன்று. உதவியைத் தமிழர்க்கு மட்டும் எனப் பிரிக்காமல் அனைவருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்களே. 1983இன் கலவரத்தையும் 2009இன் பேரழிவையும் கண்ட மக்களின் பிரதிநிதிகள் அவர்கள். இலங்கை முஸ்லிம்களுக்கும் கசப்பான நினைவுகள் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டார்கள். 2019இல் இஸ்லாத்தின் பெயரைக் களங்கப்படுத்திய கொலைகாரர்கள் ஈஸ்டர் நாளில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அதற்குப் பழிவாங்கும் வெறியில் குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அத்தீவில் ஒவ்வொரு சமூகத்திடமும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கணக்கைத் தீர்த்த பிறகுதான் உணவு என்று சொல்லியிருந்தால் எவர் வீட்டு அடுப்பும் எரிந்திருக்காது.

சில மறுப்புகள்

"நம் உம்மத்தின் காயங்களே போதும், பிறருக்காக ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரியின் வரலாற்றைப் படிக்கட்டும். 1912இல் பால்கன் போரின்போது காயமுற்ற துருக்கியருக்குச் சிகிச்சையளிக்க இந்தியாவிலிருந்து மருத்துவக் குழுவை அழைத்துச் சென்றவர் அவர். உம்மத்துக்காகக் கண்ணீரோடு நிற்காமல் கப்பலேறியவர். அதே அன்சாரிதான் 1927 டிசம்பரில் நம் சென்னையில் கூடிய இந்திய தேசியக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்து, இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகப் பாடுபட்டார். உம்மத்தின் வலியை உணர்வதும் அண்டை அயலாரோடு இணைந்து நிற்பதும் ஒரே நெஞ்சில் இடம்பெற முடியும்.

"பிற சமயத்தாரோடு நெருங்கினால் ஈமானுக்கு ஊறு வராதா?" என்பது இன்னொரு கேள்வி. வாலாஜா பள்ளியில் பரிமாறும் சிந்தித் தொண்டர்கள் தம் நம்பிக்கையை இழந்துவிட்டார்களா? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் பள்ளிவாசல்களோடு கோயில்களையும் துப்புரவு செய்த முஸ்லிம் தொண்டர்கள் அங்கே வணங்கிவிட்டா வந்தார்கள்? சேற்றை அள்ளினார்கள், தம் தொழுகையைத் தொழுதார்கள். வழிபாட்டில் எல்லை தெளிவானது. தொண்டுக்கு அத்தகைய எல்லை இல்லை.

"இந்தக் காலச்சூழலில் ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு" என்போருக்கு ஒன்று சொல்வோம். நம்மைப் பற்றிய பொய்கள் பரவும்போது, நம்மை நேரில் அறிந்த அண்டை வீட்டாரே நமக்காகச் சாட்சி சொல்ல முடியும். ஒதுங்கியிருப்பவனுக்குச் சாட்சி கிடையாது. கொரோனாக் காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை மதம் பாராமல் நல்லடக்கம் செய்த முஸ்லிம் இளைஞர்கள், நூறு மேடைப் பேச்சுகளால் ஆகாததைச் செய்துகாட்டினார்கள்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மஹல்லாவும் இளைஞர்களிலும் பெண்களிலும் ஒரு தொண்டர் குழுவை அமைக்கட்டும். இரத்த தானம், முதலுதவிப் பயிற்சி, மழைக்கால மீட்புப் பணி ஆகியவற்றைத் தெருவிலுள்ள அனைத்துச் சமூகத்தாரோடும் சேர்ந்து நடத்தட்டும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தில் நம் பிள்ளைகளைச் சேர்ப்போம். சிலுவையும் செம்பிறையும் ஒரே பன்னாட்டு இயக்கத்தின் சின்னங்கள். 1929 ஜெனீவா உடன்படிக்கையிலேயே செம்பிறைக்கு ஏற்பு கிடைத்துவிட்டது. போர்க்களத்தில் காயமுற்றவன் எந்தப் பக்கத்தவன் என்று கேளாமல் தூக்கிச் செல்வது அவ்வியக்கத்தின் நெறி. அப்பாடத்தை நம் மதரஸாக்களில் சீராவோடு சேர்த்து நடத்தலாம்.

வெளிநாட்டுத் துயரம் குறித்துப் பேசும் கூட்டங்களுக்கு அக்கம்பக்கத்தாரையும் அழைப்போம். அவர்கள் துயருறும் செய்திகளுக்கு நாமும் செல்வோம். உறுதிசெய்யாத காணொளியை அனுப்பமாட்டோம் என்று வீட்டில் ஒரு விதி வகுப்போம். வரும் ரமளானில் சூஃபிதார் வண்டி பள்ளிவாசலை அடையும்போது, அதற்காகக் காத்திருக்கும் நோன்பாளிகளோடு, அதை இறக்கிப் பரிமாறக் காத்திருக்கும் தொண்டர்களாகவும் நம் பிள்ளைகள் நிற்கட்டும்.

பின்னர் கையேந்துவோம். உழைத்த கை ஏந்தும் துஆவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. நம் சொல்லையும் செயலையும் ஒன்றாக்கி, நம் தெருவுக்கும் நாட்டுக்கும் உலகுக்கும் நம்மால் அமைதி உண்டாக அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.