மைனர் பட்டியலில் கணக்கைக் காணோம்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஏற்காடு மலையில் வாழவந்தியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவேந்தரும் நீங்கள்தான் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கீழே சேலம் பக்கம் சிவில் படிக்கிறான். காப்பித் தோட்டத்துப் பிள்ளை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன், கட்டணம் அரசுடையது. விடுமுறைக்கு வந்தவன் கேட்டான்: "சார், எம்.டெக். போகணும். மைனர் எது எடுக்கட்டும்?" திண்ணையிலிருந்த அவன் தாத்தா சிரித்துவிட்டார். அவர் அறிந்த மைனர் பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாகத் திரிந்தவர்!

பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாம் செமஸ்டரிலிருந்து கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு பாடம் படித்தால் பட்டத்தோடு மைனர் என்ற துணைப்பிரிவும் சேரும். வேறொரு பொறியியல் பிரிவின் பாடவரிசை ஒன்றை எடுக்கலாம். இல்லையென்றால் நிதித்தொழில்நுட்பம், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் என்று ஐந்து இருக்கின்றன. கணக்கு இல்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் மாணவர் கணிதத்தையே மைனராக எடுக்க முடிகிறது.

இதே விதிமுறையில் சிவில் மாணவனுக்கு மூன்றாம் செமஸ்டரோடு கணக்குப் பாடம் முடிகிறது. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வோ கடைசி ஆண்டு பிப்ரவரியில். இடையில் இரண்டு வருடம் அவனுக்குக் கணக்குக்கென்று ஒரு பாடம்கூட இல்லை. கேட் சிவில் தாளில் 100க்கு 13 மதிப்பெண் பொறியியல் கணிதம். அதை விட்டாலும் பிழைக்கலாம் என்பார்கள். உள்ளே போன பிறகு? கட்டமைப்புப் பொறியியல் எம்.டெக்.கில் வரம்புறு உறுப்பு முறை வந்து நிற்கும். அது முழுக்க அணிகள். தோட்டத்து வீட்டிலிருந்து போகிறவன் அங்கேதான் தடுக்கி விழுகிறான்.

மைனர் இருந்தால் கேட்டில் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகக் கிடைக்காது என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. சுற்றுச்சூழல் மைனர் மோசமில்லை. 2021 முதல் கேட்டில் இரண்டு தாள் எழுதலாம், சுற்றுச்சூழலுக்குத் தனித் தாளும் அந்த ஆண்டுதான் வந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் படிப்பில் மனமும் ஒட்டும். ஆனால் அவன் ஆசை பாலங்கள் மேல்.

என்.பி.டி.இ.எல். இணையக் காணொளியில் கணக்கைத் தானே படிக்கட்டுமே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். கிரெடிட்டுக்கு அல்லாமல் தானாகப் படிக்க எந்தப் பிள்ளை நேரம் ஒதுக்கும்?

கணிதத்தையும் ஒரு மைனராகச் சேர்க்க வேண்டும். அதற்கான பாடங்கள்: அணிக் கோட்பாடு, வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு, எண்சார் முறைகள், உகப்பாக்கம், கணினியில் கணக்கிடும் பயிற்சி. ஆறு பாடம் ஆயிற்று. கற்பிக்க ஆளும் தேட வேண்டாம்; பொறியியல் கல்லூரிகளில் கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்விக் குழுவில் இதை வைக்கச் சொல்லுங்கள். நான்காம் செமஸ்டர் முடியுமுன், எந்த மைனர் எந்த மேற்படிப்புக்கு உதவும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்கவும் சொல்லுங்கள். சீனியர் சொன்னதை நம்பித்தான் இப்போது பிள்ளைகள் படிவம் நிரப்புகிறார்கள்.

பையன் மைனர் எதுவும் எடுக்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் அணிக் கணக்கு நோட்டோடு என் வீட்டுக்கு வருகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வாழவந்தி