ஏழையின் உட்கூரையும் எஜமானர்களின் புகையும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை ஒட்டிய குயாசாவில், நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிய வீடுகளில் அன்று உட்கூரையே இருக்கவில்லை. குளிர்காலத்தில் உள்ளே ஈரமும் இருமலும். 2,300-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு உட்கூரை, சூரிய வெப்பத்தில் வெந்நீர், சிக்கன விளக்கு தரும் திட்டம் 2005-ல் பதிவாயிற்று. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் குறையும் கரியமில வாயுவுக்குச் சீட்டு எழுதி, புகை விடுவோருக்கு விற்பானேன்? அவ்வாண்டு ஸ்காட்லாந்தில் கூடிய ஜி-8 பணக்கார நாடுகளின் மாநாட்டுப் புகைக்கு ஈடுகாட்ட பிரிட்டிஷ் அரசாங்கம் நாடியது இந்த வீடுகளைத்தான்! ஏழை எரித்ததே கொஞ்சம். வசதியிருந்தால் எவ்வளவு எரித்திருப்பான் என்றல்லவா கணக்குப் போட்டார்கள்! அந்த வரும்படியும் போதாமல் தென்னாப்பிரிக்க மக்களின் வரிப்பணமே கைகொடுத்தது. உட்கூரையை அரசாங்கமே போடட்டும். சீட்டு வேண்டாம், பணக்கார நாடுகள் தம் புகையைத் தாமே குறைக்கட்டும்!