பத்து வருஷக் கெடு

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பதிவு. நேற்று ஸ்ட்ராண்ட் ரோடு வழியாக பஸ்ஸில் வரும்போது நியூ கொய்லாகாட் கட்டடம் கண்ணில் பட்டது. 2021 மார்ச் 8 மாலை, ரயில்வே அலுவலகங்கள் இருந்த அந்தக் கட்டடத்தின் 13-வது மாடியில் தீ. ஒன்பது பேர் போனார்கள். நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள், ஒருவர் கொல்கத்தா போலீஸ் ஏ.எஸ்.ஐ. பலர் லிப்டில் மேலே ஏறியவர்கள். மாநில அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சமும் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது.

பேப்பரில் வருவது அந்தப் பத்து லட்சம்தான். பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. ஆறரை சதவீதத்தில் டெபாசிட் போட்டால் மாதம் சுமார் 5,400 ரூபாய். அசலைத் தொடாவிட்டால் கடைசிவரை அதே 5,400. குடும்பத்தை நிஜமாகத் தாங்குவது அகவிலைப்படியோடு ஏறுகிற பென்ஷன்தான்.

அங்கேதான் சிக்கல். மத்திய அரசு விதிப்படி, பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், பத்து வருஷத்துக்கு. பிறகு 30. எட்டு வயதுப் பிள்ளை இருந்தால், அவன் காலேஜ் போகிற வருஷம் பென்ஷன் இறங்கும்! வேலையால்தான் சாவு என்று ஒப்புக்கொண்டால் 60 சதவீதம், கெடு கிடையாது. உடல் ஊனமானவருக்கும் முதல் கேள்வி அதேதான்: வேலையால் வந்ததா?

தீயிலேயே இறந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வருஷக்கணக்கில் புகை தின்று, ஆஸ்பத்திரியில் இறந்தவர்? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குவதாக முதல் வகையில் சேர்த்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில், தீயணைப்பு வீரருக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வந்தால் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பாடு. இங்கேயும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, போலீஸிலோ தீயணைப்பிலோ சொந்தக்காரர் இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு பெங்காலி அம்மா கவுண்ட்டருக்கு வந்தார். கணவர் மத்தியப் படை ஒன்றின் தீயணைப்புப் பிரிவில் இருந்து, நுரையீரல் கெட்டு இறந்தவர். "தாதா, இந்த மாசம் பணம் குறைச்சு போட்டிருக்கீங்க" என்றார். பென்ஷன் உத்தரவை எடுத்து, உயர் விகிதம் முடியும் தேதியைக் காட்டினேன். பத்து வருஷமாக அவர் வீட்டு அலமாரியில் இருந்த காகிதம்தான் அது. பழைய மருத்துவக் காகிதங்கள் இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டாராம்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தேன். மகன் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தான்.