முட்டுக்கட்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ராஜபாளையத்திலிருந்து போன மெல்லிசைக் குழுவில் பி.காம். படித்த கிடாரிஸ்ட் அடியேன். மூன்றாவது பாட்டில் ஒரு கம்பி 'டங்'. போனால் போகட்டும், மிச்சம் ஐந்து இருக்கிறதே என்று தொடர்ந்தேன். ஐந்தும் சுருதி ஏறிப்போய் அலறின. முன்வரிசைப் பெரியவர் பால்கோவாவைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

காரணம், கிடாரில் இருக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ். 1954-ல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு பிரபலமான ஏற்பாடு. (பெயரே தப்பு. ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. இது ஆட்டுவதோ சுருதியை!) கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும். தூக்கினால் ஏறும். விசில் பறக்கும்.

விஷயம் இதுதான். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ வேகத்தில் பிரிட்ஜை ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கின்றன. முதுகுப்பக்கத்து ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. தராசு மாதிரி. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும்; பிரிட்ஜ் பின்னால் சாயும்; மிச்சக் கம்பிகள் இறுகும்.

வைத்தியம்? சாய இடம் கொடுக்காமல் பிரிட்ஜ் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுப்பது. எரிக் கிளாப்டனே தன் கிடாருக்குள் மரக்கட்டையை அடைத்து பிரிட்ஜை அசையவிடாமல் செய்தவர்.

எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. அதில் கொஞ்சம் மடித்துத் திணித்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். "கம்பி தடவவாடா பி.காம். படிச்சே?" என்று கேட்டுக்கேட்டே என் சங்கீதத்துக்கு முட்டுக்கட்டையாக இருந்தவர். ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை.

"காயத்துக்குத்தான்டா பேண்டேஜ். துணி அமுங்கும். அமுங்கினா எப்படிடா சுருதி நிக்கும்?"

தேக்குத் துண்டு ஒன்றை இடைவெளிக்குச் சரியாக இழைத்துக் கொடுத்தார். "கட்டை மட்டும் போதாது. ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் முறுக்கு. தட்டு கட்டை மேல அழுந்தி உக்காரணும்."

அதுதான் சூட்சுமம். ஸ்பிரிங்கின் அதிகப்படி இழுவையைக் கட்டை தாங்கிக்கொள்கிறது. கம்பி அறுந்தால் அந்தப் பாரமும் கட்டைக்கே போகும்; மற்றக் கம்பிகளுக்குத் தெரியவே தெரியாது. ஒரே நஷ்டம், இனி சுருதியை இறக்கலாம்; ஏற்ற முடியாது.

"பாதி வித்தை போச்சேப்பா!"

"ஆடிப்பூரத் தேர் பாத்திருக்கியா? சக்கரத்துக்கு அடியில கட்டை போடறவன் தேரை நிறுத்தவா போடறான்? வீட்டுக்குள்ள பூந்துடாம தெருவோட போகத்தான்டா!"

அடுத்த கச்சேரியிலும் ஒரு கம்பி அறுந்தது. ஐந்தும் அசையவில்லை. நிமிர்ந்தால் கடைசி வரிசையில் அப்பா! கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:

"கட்டை நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா."